இடது பக்கத்துப் பெடல்

கீழே படுத்துப் பார்க்க வேண்டாம் சார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள், நானே சொல்லிவிடுகிறேன். பாடியில் துரு இருக்கிறது. கதவுக்கு அடியில் தகரம் வைத்து அடைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. இன்ஜின் நம் இரண்டு பேரையும் விட ஆரோக்கியமாக இருக்கிறது. கிளட்ச் லிங்கேஜ் மட்டும் புதிது. புஷ், பின், எல்லாமே. நானே என் கையால் மாற்றினேன்.

ஏன் அது மட்டும் புதிது என்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். பழைய கார் வாங்கி வாங்கிப் பழகினவர், கண் அங்கேதான் போகும். மற்றவர்கள் வந்தால் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சொல்கிறேன். சொன்னால் எனக்கே குமட்டிக்கொண்டு வரும். பரவாயில்லை, உட்காருங்கள்.

இந்த அம்பாசிடர் டிரைவிங் ஸ்கூல் வண்டி. ரங்கநாயகி டிரைவிங் ஸ்கூல். என் அம்மா பெயர். இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் லைசென்ஸ் எடுத்தது இதில்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கமும் பெடல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஒரு பிரேக், ஒரு கிளட்ச். என் கிளட்ச்சில் இருந்து ஒரு கம்பி குறுக்கே போய், அந்தப் பக்கத்துக் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் மிதித்தால் அதுவும் தானாக இறங்கும். கம்பியின் முனையில் ஒரு பின். அந்தப் பின் கழன்று விழாமல் இருக்க அதன் குறுக்கே ஊசி மாதிரி ஒரு சின்னக் கம்பியைச் செருகி வளைத்து வைத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்தில்தான் என் பிழைப்பே நின்றது.

வாழ்நாளில் பாதி, மனிதர்களின் கால்களைப் பார்த்தே போய்விட்டது சார். முகம் மறந்துவிடும், கால் மறக்காது. வெடித்த கால், சேற்றுப்புண் கால், சாணியை மிதித்துவிட்டு அப்படியே ஏறுகிற கால். ஒரு ஜவுளிக்கடை முதலாளி வருவார். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு உட்காருவார். கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். தலையணை மாதிரி இந்த சீட்டில் எத்தனை பேர் தலை எண்ணெய் ஊறியிருக்கிறது தெரியுமா? உறை மாற்றிவிட்டேன், பயப்படாதீர்கள்.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கால்களில் ஒன்றுக்கும் புத்தி கிடையாது. "கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றால் பாம்பை மிதித்துவிட்டது போல வெடுக்கென்று தூக்குவார்கள். வண்டி ஆடு மாதிரித் துள்ளி விழுந்து நின்றுவிடும். பின்னால் லாரிக்காரன் என் அம்மாவைத் திட்டுவான், போர்டில் அவள் பெயர்தானே இருக்கிறது. என்ன செய்வது? நான் மிதித்தேன். அவர்கள் மிதிப்பதற்கு முன்னால் நான் மிதித்துவிடுவேன், அவர்கள் விடுவதற்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். "பரவாயில்லையே, நல்லா ஓட்டறீங்களே" என்பேன். முகமெல்லாம் பல்லாகிவிடும். அந்தச் சிரிப்பைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்வேன். ஊக்கம் கொடுக்க வேண்டுமில்லையா?

டெஸ்ட் அன்றைக்கும் அதேதான். ஊரறிந்த விஷயம், மூடி மறைக்க ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டீயரிங் அவர்கள் கையில், மற்றதெல்லாம் என் காலில். என் ஸ்கூலில் ஃபெயில் என்ற பேச்சே இருந்ததில்லை. போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லுங்கள், என் வீட்டுக்காரி கை அப்படி.

சுலோச்சனா என்று ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். நாற்பதை நெருங்கின வயசு. இங்கே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு டாக்டரம்மா பள்ளிக்கூடம் நடத்துகிறார். அந்த ஸ்கூல் வேனில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிற ஆயா வேலை இவளுக்கு. வேன் டிரைவர் தனபால் ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு மதில் சுவரில் மோதிவிட்டது. ஒரு பிள்ளைக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. தனபால் அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டான். பாவம், நல்ல பையன், என்னிடம் கற்றுக்கொண்டவன்தான். முதல் தடவையிலேயே பாஸ் ஆனவன். ஏற்றம் என்றால் யாருக்குத்தான் உருளாது?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் லைசென்ஸ் எடுத்தால் வேன் உனக்கு, இல்லாவிட்டால் வெளியாள் போட்டுக்கொள்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆயா சம்பளத்தில் இருந்து டிரைவர் சம்பளம். புருஷன் இல்லாத குடும்பம். அவள் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும், இது போனால் வேறு இல்லை என்று. நானும் நல்ல மனசோடுதான் சேர்த்துக்கொண்டேன். "நான் வாங்கிக் கொடுத்துடறேன், கவலைப்படாதே" என்றேன்.

முதல் நாள் அரை மைல் போயிருப்போம்.

"சார், காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க."

"எந்தக் காலை?"

"உங்க காலைத்தானுங்க. பெடல் எனக்கு முன்னாடியே கீழ போயிருது. மிதிக்கிறது நானா நீங்களான்னு ஒண்ணுமே புரியலைங்க."

"வண்டி போகுதில்ல?"

"போகுதுங்க."

"அப்புறம் என்ன? நேராப் பாத்து ஓட்டு."

மறுநாளும் அதே பாட்டு. அதற்கு மறுநாளும். "சார், கால்." "சார், கால்." எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் என்னிடம் காலை எடு என்று சொன்னதில்லை. கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் எல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து "உங்க காலை நம்பித்தான் சார் இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவள் என்னவோ என் கால் அவள் மேல் பட்டுவிட்டது போலச் சொல்கிறாள். கொஞ்சம் எடுத்தேன், பொய் சொல்லக் கூடாது. வண்டி துள்ளி நின்றது. "பாத்தியா?" என்றேன். "இப்பத்தானுங்க தெரியுது எங்க பிடிக்குதுன்னு. இன்னொருக்கா எடுங்க" என்கிறாள். நான் மறுபடி வைத்துவிட்டேன். கியர்பாக்ஸ் என்னுடையது சார், அவள் அப்பன் வீட்டுச் சீதனம் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் லிங்கேஜ் போனது. சந்தைப்பேட்டை முக்கில் நான் மிதிக்கிறேன், என் பெடல் பாதி தூரம் சும்மா போகிறது, பிறகுதான் கம்பி அசைகிறது. கியர் விழாமல் கர்ரென்று கத்துகிறது. இறங்கிப் பார்த்தால் பின் நுழைகிற ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. பின்னைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டிய புஷ் இருந்த இடத்தில் கறுப்பாகக் கொஞ்சம் பிசின். மாதக் கணக்கில் தேங்கின கிரீஸும் மண்ணும் கலந்து, தொட்டால் கை கூசுகிற மாதிரி ஒரு வழவழப்பு.

இதை மெக்கானிக்கிடம் கொடுக்க எனக்கு மனசு வராது. அவன் ஓட்டையைச் சுற்றி வெல்டிங் வைத்து, பழைய பின்னையே அடித்து ஏற்றிவிடுவான். நானே கழற்றினேன். கம்பியை லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், ஓட்டையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் போட்டேன். அந்த புஷ்ஷுக்குச் சரியாகப் புதுப் பின் கடைந்து வாங்கினேன். மயிரிழை ஆட்டம் இல்லை. மாட்டுகிற அன்றைக்கு வகுப்பு கிடையாது என்று சொல்லியும் சுலோச்சனா வந்துவிட்டாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். இது எதுக்கு, அது எதுக்கு, இந்த ஊசியை எப்படி வளைப்பீங்க, இது கழண்டா என்ன ஆகும்.

"கழண்டா என் பெடல் சும்மா ஆடும். உன் பெடல் உனக்கு மட்டும்தான்" என்றேன்.

"பிரேக்குக்கும் இதே மாதிரிங்களா?"

"பிரேக்குக்குத் தனிக் கம்பி."

அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதன் இல்லையா? ஒருத்தர் நம் வேலையை உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றும். நான் ஒன்று விடாமல் காட்டினேன். அப்போது அவள் டார்ச்சை என் பெடல் மேல் அடித்தாள்.

"உங்க பெடல் ரப்பர் மொட்டையாப் போச்சுங்களே சார். இந்தப் பக்கத்து ரப்பரு வரி வரியா அப்படியே இருக்குது."

பாருங்கள், இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, என் பெடலைக் கழற்றி டிக்கியில் போட்டிருக்கிறேன். வலது பக்கத்து ரப்பர் கம்பெனியில் இருந்து வந்தது. என்னுடையதை எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது.

"அதுக்குப் பேர்தாம்மா பொறுப்பு" என்றேன்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

டெஸ்ட் நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், போனை எடுக்கவில்லை. கிரவுண்டில் ஒரு சுற்று போன பிறகு, "அந்த மேட்டுல ஏத்தி, பாதியில நிறுத்தி எடுங்க" என்றார். மண்மேடு சார், செங்குத்தாக இருக்கும். வழக்கமாக அந்தப் பக்கம் யாரும் போகச் சொல்வதில்லை. சுலோச்சனா ஏற்றினாள். நிறுத்தினாள். நான் என் உடம்பு முழுவதையும் இடது காலில் கொண்டுவந்து வைத்தேன். அந்த நேரத்தில் கண் வேண்டாம், காது வேண்டாம், கால் மட்டும் போதும். விட்டேன், விட்டேன், நூல் மாதிரி விட்டேன். இன்ஜின் ஒரு மூச்சு அடங்கியது. பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள், வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் வெண்ணெயில் கத்தி போவது போல மேலே போனது. புது புஷ் அப்படி வேலை செய்தது. பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. இவ்வளவு லேசாக என் வாழ்நாளில் கிளட்ச் மிதித்ததில்லை.

இறங்கினதும் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னய்யா சென்னியப்பன், உங்க ஸ்கூல்ல இப்படிக்கூட ஆளுங்க இருக்காங்களா?" என்றார். நான் சிரித்துக்கொண்டு காலைத் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன், அந்த மேட்டை என் கால் எப்படி ஏறியது என்று. அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் குமட்டுகிறது.

பாஸ் ஆனவர்கள் மறுநாள் தட்டு கொண்டுவருவது வழக்கம். வெற்றிலை பாக்கு, பழம், ஸ்வீட் பாக்ஸ், வண்டிக்கு ஒரு மாலை. சுலோச்சனாவும் கொண்டுவந்தாள். வீட்டுக்காரியும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுலோச்சனா மாலையை வண்டிக்குப் போட்டாள். தட்டை என் கையில் கொடுத்தாள். வெற்றிலை மேல் ஒரு பின். பக்கத்தில் நேராக நிமிர்த்தின அந்த ஊசி.

"இதென்ன?"

"உங்க பின்னுங்க சார்."

"எங்க கெடந்தது?"

"கெடக்கலைங்க. நான்தான் கழட்டினேன். நேத்து டெஸ்ட்டுக்கு முன்னாடி நீங்க ஆபீசுக்குள்ள கையெழுத்து வாங்கப் போனீங்களே, அப்ப. கம்பியை மேல தூக்கிச் சரடு போட்டுக் கட்டியிருக்கறேன், கீழ தொங்காது. பாத்துக்குங்க."

அவளே மறுபடி சொன்னாள். "பிரேக் கம்பியைத் தொடலைங்க. ஆளுங்க நடமாடற எடம்."

"ஃபெயில் ஆயிருந்தா என்னடி பண்ணியிருப்பே?" என்று கேட்டேன். 'டி' போட்டது தப்புதான், கோபத்தில் வந்துவிட்டது.

"ஃபெயில் ஆயிருந்தா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு தெரிஞ்சிருக்குமுங்க. வேண்டாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருப்பேன். பின்னாடி கொழந்தைங்க உக்காருதுங்க சார். அதுல ரெண்டுக்கு, பயந்தாக் கத்தக்கூடத் தெரியாது. அன்னைக்கு வண்டி உருளறப்ப அதுல ஒண்ணு எம் மடியிலதான் இருந்துச்சு, வாயெல்லாம் ரத்தம், சத்தமே போடலைங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க. அந்த மேட்டுக்கு மட்டும் ரெண்டு நாள் எங்க அண்ணன் டெம்போவுல போய்ப் பழகுனேன்."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

துரோகம் இல்லையா சார்? நீங்களே சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், வண்டி என்னுடையது, பெயர் என் அம்மாவுடையது. வண்டி உருண்டிருந்தால் யாருக்கு அசிங்கம்? சாமி தட்டில் வைத்துக் கொடுக்கிற பொருளா அது? அந்த ஸ்வீட்டை நான் தொடவில்லை. நாய்க்குப் போடச் சொன்னேன். என் வீட்டுக்காரி பிரித்து, நின்ற இடத்திலேயே இரண்டு தின்றாள்.

"என்னடி திங்கிற?"

"நல்லாருக்குதுங்க. நெய்யில போட்டது." வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "கல்யாணமான புதுசுல நானும் ரெண்டு நாள் அந்த சீட்டுல உக்காந்தேன். ஞாபகம் இருக்குதுங்களா? உங்க காலைப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"ஏன், என் காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. அதுதான் எல்லாத்தையும் பாத்துக்குதே, நான் எதுக்குன்னு."

பெண்பிள்ளைகள் ஒன்று சேர்ந்துகொள்வார்கள். விடுங்கள்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நான் எதையும் உட்கார்ந்து யோசிக்கிறவன். அந்த மேட்டில் கிளட்ச் பிடித்தது என் காலுக்குத் தெரிந்ததே. அது பொய்யா? பெடலுக்கு என்று தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது சார், மிதித்தால் திருப்பித் தள்ளும். அதைத்தான் நான்... அப்படி இருக்காது. இத்தனை வருஷத்து அனுபவம், ஒரு ஸ்பிரிங்குக்கும் ஒரு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? அவள் காலும் என் காலும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வேலை செய்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் என்னிடம்தானே கற்றாள்?

பிறகு ஒரு காரியம் செய்தேன். பின்னை மறுபடி மாட்டாமலே வைத்துக்கொண்டு, அடுத்து வந்தவர்களை ஆற்று மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவர்களிடம் சொல்லவில்லை. ஜவுளிக்கடை முதலாளியின் மகன், அடுத்த வாரம் டெஸ்ட்டுக்குப் போக வேண்டியவன். முதல் கியரில் வண்டியை எடுக்கவே அவனால் முடியவில்லை. துள்ளி நின்றது, துள்ளி நின்றது. "என்ன சார், இன்னைக்கு வண்டி ரிப்பேரா?" என்று என்னைக் கேட்கிறான். அடுத்து ஒரு டீச்சர். நான் பார்த்ததிலேயே நன்றாக ஓட்டுகிறவர் அவர்தான். கைப்பந்து வலை கட்டுகிற கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பேங்க்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் இடது பக்கத்தில் பிரேக் மேல் ஒரு காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கிளட்ச் கால் அதுபாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னாலும் அது கேட்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க, வேறு யாருடைய காலோ என் உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடப்பது போல இருந்தது. அந்தச் சாக்ஸ் நாற்றம்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

மனுஷனுடைய தரம் அவ்வளவு இறங்கிவிட்டது சார். முன்பெல்லாம் இப்படி இல்லை. செல்போன் வந்த பிறகு யாருக்கும் காலில் கவனம் இல்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

பின்னை மாட்டினேன். அந்த மூன்று பேரையும் பாஸ் பண்ணவைத்தேன், வாக்குக் கொடுத்தாகிவிட்டதே. அதோடு போர்டை இறக்கிவிட்டேன். ஸ்கூலை மூடினதற்கு வயசு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்காக இடது பக்கத்துப் பெடல்களை எடுத்தாகிவிட்டது, கம்பி மட்டும் அடியில் அப்படியே இருக்கிறது. ஓட்டைகளை அடைத்துவிட்டேன், கால் வைக்க ஒரு பாய் போட்டிருக்கிறேன். நீங்கள் ஓட்டிப் பாருங்கள், நான் வரவில்லை. பின்னால்கூட உட்கார மாட்டேன். நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள்.

சுலோச்சனாவா? ஓட்டுகிறாள், ஓட்டாமல் என்ன. மஞ்சள் வேன். காலையில் நான் பால் வாங்கப் போகிற நேரத்துக்கு அந்தப் பாலத்து ஏற்றத்தில்தான் வரும்.

சிரிக்காதீர்கள், ஒன்று சொல்கிறேன். இந்த ஊர் ரோட்டில் இப்போது என்னால் நிம்மதியாக நடக்க முடிவதில்லை. தூரத்தில் ஒரு கார் வந்தால் முதலில் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன். தெரிந்த முகமாக இருக்கும். என்னிடம் பாஸ் ஆன முகம். கையை ஆட்டிச் சிரிப்பார்கள், "வணக்கம் மாஸ்டர்" என்பார்கள். நான் ரோட்டை விட்டு இறங்கி, சாக்கடைக்கு அந்தப் பக்கம், யார் வீட்டுச் சுவரிலாவது முதுகை ஒட்டிக்கொண்டு, அவர்கள் போகும் வரைக்கும் நிற்கிறேன். செருப்பெல்லாம் சாக்கடை. வீட்டுக்காரி தினமும் திட்டுகிறாள். டீச்சர் வந்தால் நிற்கிறேன். பேங்க்காரர் வந்தால் கடைக்குள்ளேயே ஏறிவிடுகிறேன்.

அந்தச் சுலோச்சனா வந்தால் மட்டும் ஒதுங்க மாட்டேன். வேன் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பால் தூக்கைக் கையில் பிடித்தபடி, அதற்கு முன்னால் குறுக்கே நடந்துபோகிறேன். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் நிறுத்துவாள். நான் கடந்த பிறகு எடுப்பாள். எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

இறங்கி நின்று வழி விடுகிற அளவுக்கு அவள் என்ன பெரிய ஆளா சார்?